சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தின் சைக்கிள் விடுமுறை

சக்கரத்தைக் கண்டுபிடித்ததோடு மனித குலம் சும்மா இருந்துவிடவில்லை. சாலைப் பாதுகாப்பு அலுவலகத்தையும் கண்டுபிடித்தது. இரண்டில் எது மகத்தானது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். பிரான்சில், ஒயினுக்குப் பேர்போன பர்கண்டிப் பக்கம் அப்படியொரு அலுவலகத்தின் இயக்குநராக இருந்த பெலிசியேவுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. சக்கரம் வெறுமனே உருளும். அலுவலகம் சுற்றறிக்கை விடும்.

அவர் விட்ட சுற்றறிக்கைகளிலெல்லாம் தலைசிறந்தது செப்டம்பரில் வந்தது. 'ஊழியர் நலனையும் இதயத் துடிப்பையும் ஒருசேர உயர்த்தும் பொருட்டு' அலுவலகமே திராட்சைத் தோட்டங்களின் வழியாகச் சைக்கிள் விடுமுறை செல்லும். மதியச் சாப்பாட்டின்போது சுவரொட்டிப் பிரிவின் புதிய தலைவர் யார் என்பது அறிவிக்கப்படும்.

கடைசி வாக்கியத்தை மட்டும் ஒடில் திரும்பத் திரும்பப் படித்தாள். 'குடித்துவிட்டு ஓட்டாதீர்' என்பதைப் பல வருஷமாக விதவிதமாக வரைந்து அந்த வட்டாரமெங்கும் ஒட்டவைத்தவள் அவள். அவளுக்குப் போட்டி ஃபாப்ரிஸ். அவன் ஒரு சுவரொட்டியும் வரைந்ததில்லை. ஆனால் இயக்குநர் நகைச்சுவை சொன்னால், அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரிக்கும் அபூர்வ ஆற்றல் அவனுக்கு இருந்தது.

சனிக்கிழமை காலை தலைக்கவசமும் மஞ்சள் மேலங்கியுமாகப் படை கிளம்பியது. முதல் மேடு வந்ததும் இயக்குநர் கையை உயர்த்தி நிறுத்தினார். மேட்டின் அடியில், தற்செயலாக, ஓர் ஒயின் நிலவறை இருந்தது.

"நண்பர்களே, இது கள ஆய்வு," என்றார் பெலிசியே. "குடிபோதைன்னா என்னன்னே தெரியாம அதை எப்படி ஒழிக்கிறது?"

"ஆகா!" என்றான் ஃபாப்ரிஸ்.

நிலவறைக்காரர் கோப்பைகளை நீட்டினார். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு வாளியையும் வைத்தார். ஒடில் முறைப்படி வாயில் சுழற்றி, வாளியில் துப்பினாள். இயக்குநரின் முகம் மாறியது.

"என்ன ஒடில் இது? அரசு ஊழியர் பொது இடத்துல துப்பலாமா?"

"சார், சுவை பார்க்கிற முறையே இதுதானே? ஓட்டணுமே!"

"துப்புறது அசிங்கம். மக்கள் பார்க்கிறாங்க."

பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பூனை. ஆனாலும் அரசின் மானம் காக்கப்பட்டது, கோப்பையைக் கீழே வைத்துவிட்ட ஒடிலைத் தவிர எல்லோரும் விழுங்கினார்கள். ஃபாப்ரிஸ் இரண்டு முறை காத்தான்.

இரண்டாவது நிலவறையில் 'ஆய்வு' ஆழமாயிற்று. மூன்றாவதிலிருந்து வெளியே வந்தபோது, திராட்சைக் கொடிகள் எல்லாம் நேராக நிற்க, அலுவலகம் மட்டும் சாய்ந்திருந்தது. பெலிசியே ஒரு வேக வரம்புப் பலகைக்கு வணக்கம் வைத்து, அதன் குடும்பத்தை விசாரித்தார். அவருடைய நகைச்சுவை ஒன்றுக்கு முன்கூட்டியே சிரிக்கத் திரும்பிய ஃபாப்ரிஸ், சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கினான். அங்கிருந்தும் சிரிப்பு கேட்டது.

"சார், இனி குடிச்சவங்க யாரும் ஏறி ஓட்டக் கூடாது," என்றாள் ஒடில். "அது நம்ம சுவரொட்டியிலேயே இருக்கு. அதோட, சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

"நீங்க முன்னாடி போங்க. எங்களுக்காகச் சமையலறையை மூடாம வைக்கச் சொல்லுங்க. பாதுகாப்பைக் கருதி நாங்க... நடந்தே வர்றோம்."

சொன்னவர் உடனே உட்கார்ந்தார்.

ஒடில் மேட்டை மிதித்து ஏறினாள். தொடை எரிந்தது, நெஞ்சு படபடத்தது. சுற்றறிக்கை கேட்ட இதயத் துடிப்பு அவள் ஒருத்தியிடமே உயர்ந்தது. கிராமத்து உணவகத்தின் வாசலில் சமையல்காரி ஜோசியான் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மத்தவங்க எங்கம்மா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க."

"வந்துக்கிட்டே இருக்கிறவங்களுக்காக என் முட்டை காத்திருக்காது. ரெண்டு மணிக்கு அடுப்பை அணைச்சிடுவேன்."

"எங்க இயக்குநர் வர்றாரு. கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?"

"பாரிசுல இருந்து ஜனாதிபதியே வரட்டும். ரெண்டு மணின்னா ரெண்டு மணி. நீ உட்காரு."

சிவப்பு ஒயின் குழம்பில் முட்டை வந்தது. பூண்டு வெண்ணெயில் மிதந்த நத்தைகள் வந்தன. ஒயினில் காலையிலிருந்து வெந்த மாட்டிறைச்சி, கரண்டி பட்டதும் பிய்ந்து வந்தது. ஒடில் வாசலைப் பார்த்தபடி சாப்பிட்டாள். பிறகு வாசலைப் பார்க்காமல் சாப்பிட்டாள். வீணாகப் போகிறதே என்று ஜோசியானும் எதிரே உட்கார்ந்து இயக்குநரின் பங்கைக் கவனித்தாள்.

"அந்த ஆளு எப்படிம்மா?"

"பலகைகிட்ட நலம் விசாரிக்கிறாரு."

ஜோசியானுக்குப் புரையேறியது. ஒடில் அவள் முதுகில் தட்டப்போய், தானும் சிரித்து, மேசையில் கவிழ்ந்தாள். பதவி கிடைக்குமா என்ற கவலையை அந்த ஒரு மணி நேரம் அவள் மறந்தே போனாள். பதவிக்காகத்தான் இத்தனை வருஷம் மிதித்தோம் என்பது, வாடைக்குப் பேர்போன பாலாடைக்கட்டி வந்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

அடுப்பு அணைந்து வெகு நேரம் கழித்து ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டியவர் மூன்றாவது நிலவறைக்காரர் ஒக்தாவ். தொழில்காரர், ஆகவே துப்பியவர். பின்வண்டியில் சைக்கிள்களுக்கு நடுவே அலுவலகம் பாடிக்கொண்டிருந்தது.

"சாப்பாடு!" என்று இறங்கினார் பெலிசியே.

"சமையலறை மூடியாச்சு," என்றாள் ஜோசியான்.

"அம்மா, நான் இயக்குநர்!"

"நான் சமையல்காரி. எங்கிட்ட சாவி இருக்கு."

அதிகாரத்தின் எல்லை எதுவென்று அறிந்தவர் பெலிசியே. வெறும் மேசைமுன் அமர்ந்து, தொண்டையைச் செருமி, அறிவிப்பை மட்டும் பரிமாறினார்.

"சுவரொட்டிப் பிரிவின் தலைவர்... ஃபாப்ரிஸ்!"

முழங்காலில் துணிக்கட்டும் தலைமுடியில் புல்லுமாக ஃபாப்ரிஸ் எழுந்து நின்றான். அறிவிப்புக்கு முன்பே நன்றி சொல்லியிருந்ததால் இப்போது சொல்ல ஒன்றுமில்லை.

"ஏன் சார்?" என்றாள் ஒடில். "ஒவ்வொரு சுவரொட்டியும் நான் வரைஞ்சது. இன்னைக்கும் ஒழுங்கா ஓட்டி வந்து சேர்ந்தது நான் ஒருத்திதான்."

"அங்கதாம்மா கோளாறு," என்றார் பெலிசியே கனிவோடு. "ஒழுங்கா ஓட்டுறவங்களுக்கு விபத்தைப் பத்தி என்ன தெரியும்? ஃபாப்ரிஸ் பள்ளத்தையே பார்த்திருக்கான். நம்ம துறையில அனுபவம்தான் தகுதி. இது இன்னைக்கு நேத்து வந்த வழக்கமில்ல."

ஒடில் வாயைத் துடைத்துக்கொண்டாள். வயிறு நிறைந்திருந்ததால் பயம் குறைந்திருந்தது.

"அப்ப உங்களை இயக்குநரா போட்டப்ப எத்தனை பேரை இடிச்சிருந்தீங்க சார்?"

ஆய்வின் களைப்பில் இருந்த பெலிசியே கோபித்துக்கொள்ளவில்லை. புருவத்தைச் சுருக்கி, நேர்மையாக, விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்தது. மறு கையும் முடிந்தது. பிறகு ஃபாப்ரிஸின் கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.