பொட்டலம் கட்டிய நூலகம்

நெய்வேலி நகரியத்தில், எந்த பிளாக் என்று சொன்னால் சொன்னவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராது என்பதால் பெயர் சொல்லாமல் விடப்படும் ஒரு பிளாக்கில், ஒரு பொது நூலகம் இருக்கிறது. அங்கே பெண் வாசகர்களுக்கு விலையில்லா நாப்கின் வழங்க மேலிடம் திருவுளம் கொண்டது.

நூலகர் திலகவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதலில் நந்தினியைத்தான் நினைத்துக்கொண்டாள். மந்தாரக்குப்பத்துப் பெண், காண்ட்ராக்ட் தொழிலாளியின் மகள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவள், மாதத்தில் ஒரு நாள் முகம் வெளுத்துப் பாதியில் பஸ் ஏறிவிடுவாள். அடுத்த மாதம் நூலகத்தில் மாதிரித் தேர்வு. தேறினால் இலவசப் பயிற்சி வகுப்பில் இடம். வெளியே பணம் கட்டிப் படிக்க அவளுக்கு வழியில்லை.

"நாப்கின் பெட்டியை லேடீஸ் பாத்ரூம்ல வச்சிடலாம் சார்," என்றாள் திலகவதி.

நல்வாழ்வுப் பிரிவு அதிகாரி கருணாகரன் பொறுமையாகச் சிரித்தார். "பாத்ரூம் சிவில் செக்‌ஷன்மா. நாப்கின் நம்ம செக்‌ஷன். நம்ம பொருள அவங்க எடத்துல வச்சா, நாளைக்கு அவங்க பக்கெட்ட நம்ம டேபிள்ல வப்பாங்க."

ஆகவே பெட்டி வாசலில், செய்தித்தாள் மேசைக்கு எதிரே நிறுவப்பட்டது. 'கூச்சம் தவிர்ப்போம்' என்று பேனர் கட்டினார்கள். திறப்பு விழா மேடையில் இருந்த ஆண்கள் அனைவரும் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டு, நாப்கினை 'அந்தப் பொருள்' என்றே குறிப்பிட்டு உரையாற்றினார்கள்.

பெட்டியை ஒருத்தியும் தொடவில்லை. ஆனாலும் ரிடையர்டு மைன்ஸ் ஃபோர்மேன் சிவப்பிரகாசம் புகார் கொடுத்தார்.

"நாங்க பேப்பர் படிச்சிகினு இருக்கோம். எதிர்ல அது இருந்தா, கண்ண எங்க வச்சிக்கறதுன்னு தெரியலைங்க."

"பேப்பர்ல வச்சிக்குங்க சார்," என்றாள் திலகவதி.

இந்த யோசனை ஏற்கப்படவில்லை. கருணாகரன் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் வசம் வைத்துக்கொண்டார். தினமும் கொஞ்சம் எடுத்துக் கொடுப்பார், அதைத் திலகவதி பழைய பேப்பரில் சுற்றி, நூல் கட்டித் தரவேண்டும் என்று உத்தரவு. ஒரே வாரத்தில், பொட்டலம் என்றால் இன்னது என்று ஊருக்கே தெரிந்துபோயிற்று. அவர் மறுபடி ஆழ்ந்து பரிசீலித்தார். பொட்டலம் காட்டிக்கொடுக்கிறது என்றால், எல்லார் கையிலும் பொட்டலம் இருந்துவிட்டால் போயிற்று.

"புத்தகத்தையுமா சார் கட்டணும்?"

"எல்லாத்தையும் கட்டுங்க. இதுதாம்மா பாலின சமத்துவம்."

அன்றிலிருந்து வெளியே போகும் புத்தகமெல்லாம் பொட்டலமானது. மேலே பெயர் எழுதவும் தடை, எழுதினால் ரகசியம் போய்விடும். திலகவதி காலையிலிருந்து சாயங்காலம்வரை மளிகைக் கடைக்காரர்போல நூல் சுற்றினாள்.

மாதிரித் தேர்வு நாளும் வந்தது. மணி அடிக்கச் சற்று முன்பு நந்தினி கவுன்டருக்கு வந்து, கண்ணாலேயே கேட்டாள். திலகவதி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பாத்ரூமில் பிரித்தபோது உள்ளே, சுரங்கத்தில் நீர்க்கசிவைத் தடுப்பது பற்றிய புத்தகம் இருந்தது. அதைக் கேட்டிருந்த சிவப்பிரகாசத்தின் பொட்டலத்தை அதே நேரத்தில் அவர் சம்சாரம் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுச் செய்தி நமக்கு வேண்டாம்.

நந்தினி துப்பட்டாவைப் பின்னால் இழுத்துவிட்டபடி திரும்பி வந்தாள். திலகவதி மிச்சமிருந்த பொட்டலங்களை எல்லாம் பிரித்தாள். அத்தனையும் புத்தகம். சாவி வைத்திருந்த கருணாகரன், இந்தத் திட்டத்துக்காக விருது வாங்கச் சென்னை போயிருந்தார்.

"நான் வூட்டுக்குப் போறேங்க்கா."

"நீ உக்காரு. இதோ வாங்கியாரேன்."

திலகவதி எதிர்த்தெரு மெடிக்கலுக்கு ஓடினாள். கடைக்காரர் மீரான் மைதீனிடம் நாப்கின் கேட்டுவிட்டு, பொரிந்து தள்ளினாள்.

"மறைச்சி மறைச்சியே ஒரு பொண்ணோட படிப்பக் கெடுக்கறாங்க பாய். இதுல என்ன வெக்கம் இருக்கு?"

"நியாயந்தாங்க," என்று பாக்கெட்டை அப்படியே நீட்டினார் அவர்.

திலகவதி கையை நீட்டினாள். அப்போதுதான் தெருவைப் பார்த்தாள். முதல் ஷிப்ட் விட்டு பஸ் ஸ்டாப் நிறைய ஆட்கள், பாதிப் பேர் தெரிந்த முகம். கை தானாகப் பின்வாங்கியது.

"ஒரு பேப்பர்ல சுத்திக் குடுங்களேன்."

"பேப்பர் ஏதுங்க? ஊர்ல இருந்த பழைய பேப்பரெல்லாம் உங்க லைப்ரரிக்குத்தான வாங்கிகினு போயிட்டாங்க."

கூட்டம் கலையட்டும் என்று திலகவதி கடைக்குள்ளேயே ஒதுங்கி நின்றாள். பஸ் வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனபிறகு, பாக்கெட்டைப் புடவைத் தலைப்புக்குள் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். உள்ளே எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நந்தினியின் நாற்காலி காலியாக இருந்தது.