இருமல் வரிசைப்படி காட்டுப்பனைகள்

மனித குலத்துக்கும் பனைக் குலத்துக்கும் ஆதியிலேயே ஓர் உடன்படிக்கை ஏற்பட்டுவிட்டது என்பது காட்டுப்பனை அன்பர் கழகத் தலைவரின் கொள்கை. கழகம் தொடங்கிய ஆறு வருஷத்தில் அவராக ஒரு பனையைக்கூட அடையாளம் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

கண்டதெல்லாம் அவர் மனைவி. கல்லூரித் தாவரவியல் துறையில் இருபத்திரண்டு வருஷம் காய்ந்த இலைகளை அட்டையில் ஒட்டிப் பெயரெழுதியவள். நாலு பேர் முன்னால் பேச அவளுக்குக் கூச்சம். பேசாமல் இருக்க அவருக்குக் கூச்சம். அதனால் காட்டில் அவருக்கு ஒரு முழம் பின்னால் நின்று இருமுவாள். ஒரு இருமல் என்றால் ஈச்சை, இரண்டு கூந்தற்பனை, மூன்று பிரம்பு, நான்கு காட்டுப்பாக்கு. இருமலே இல்லையென்றால் அது பனையே இல்லை, மேலே நடக்கலாம். காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற தலைவர், கேட்ட இருமலுக்கு ஏற்ற சொற்பொழிவைக் கணீரென்று எடுத்துவிடுவார்.

கழகத்தார் வேனில் கிளம்பிய இந்த வருஷ டூரில், அடிவார மழைக்காட்டில் இரண்டு நாள் அமோகமாகக் கழிந்தது. மூன்றாம் நாள் மலைக்காட்டுக்கு ஏறியதும், பனிமூட்டத்தில் அவளுக்கு நிஜமாகவே சளி பிடித்தது. அன்று மாலைதான் தலைவர் தேர்தல். எதிர்த்து நிற்பவர் பல் மருத்துவர்.

முதல் மரத்தடியில் ஏழு இருமல் வந்தது.

தலைவர் மனக்கணக்குப் போட்டார். "மூணும் நாலும்... அதாவது, பிரம்பும் காட்டுப்பாக்கும் கலந்த அபூர்வ இனம் இது."

"எழுதிக்கலாமா?" என்றார் பல் மருத்துவர்.

"தாராளமா எழுதிக்குங்க."

"அது பெரணிங்க," என்று மனைவி மூக்கைச் சிந்தியபடி அவர் காதருகில் முணுமுணுத்தாள். "மரம் மாதிரி வளருற பெரணி."

"அப்புறம் எதுக்கு இருமினே?"

"நானா இருமினேன்? அதுவா வருது."

தலைவர் வேனுக்கு ஓடி இருமல் மருந்தைக் கொண்டுவந்து இரண்டு மூடி ஊட்டினார். இருமல் நின்றது. அவளும் கண் செருகி ஒரு பாறையில் சாய்ந்துவிட்டாள்.

அடுத்த மரம் பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மீன்வால் மாதிரி இலைகள். அவிழ்த்துவிட்ட கூந்தலாகச் சடைசடையாகத் தொங்கும் பூங்குலைகள். பன்னிரண்டு உறுப்பினர்களும் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். தலைவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். குறட்டைதான் கேட்டது.

"இது பனையே இல்லை. நேரத்தை வீணாக்காம நடங்க."

"குலை தொங்குதே சார்," என்றார் தையற்கடைக்கார அம்மா.

"தொங்குறதெல்லாம் பனையாயிடுமாம்மா?"

மனைவியை உலுக்கி எழுப்பினார். "இந்தா பாரு, இனிமே இருமலே வேணாம். குடையால தரையில தட்டு."

இறக்கம் வழுக்கியது. குடையை ஊன்றாமல் அவளால் ஓர் அடி வைக்க முடியவில்லை. நூறடிக்குள் முப்பத்தெட்டுத் தட்டு. எண்ணி எண்ணித் தலைவருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் தெளிவாக இரண்டு இருமல். அவருக்குப் போன உயிர் வந்தது. சடாரென்று கையை நீட்டினார்.

"கூந்தற்பனை. என்ன கம்பீரம் பாருங்க."

இருமியவர் பல் மருத்துவர். கை நீண்ட திசையில் நின்றது மின்கம்பம்.

யாரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்கு நோட்டை மூடிப் பையில் வைத்தார்கள்.

"போச்சு," என்றார் தலைவர், வேனில் ஏறியதும். "ஆறு வருஷ மானம் ஒரு கம்பத்துல போச்சு."

"போனா போகுது விடுங்க. பல் டாக்டரும் நல்ல மனுஷன்தான்."

"அவருக்குப் பனைக்கும் தென்னைக்கும் வித்தியாசம் தெரியாதுடி."

"உங்களுக்குக் கம்பத்துக்கே தெரியலையே," என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாலையில் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் சீட்டுகளைப் பிரித்தார்கள். ஒன்று விடாமல் பன்னிரண்டும் தலைவருக்கு. பல் மருத்துவரே எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த டூர் எப்ப சார்? ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்."

தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர்தான் அகப்பட்டார்.

"பார்த்தியாப்பா? அறிவுக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் இருக்கு."

"நீங்க தோத்துட்டா அக்கா அடுத்த டூருக்கு வர மாட்டாங்களேன்னு எல்லாருக்கும் பயம் சார்," என்றார் ஓட்டுநர், துடைப்பதை நிறுத்தாமல். "இருமல் கணக்கு போன வருஷத்துலேருந்தே எல்லார் நோட்டுலயும் இருக்கு."