இழை அறுந்த கச்சேரி

கண்ணமங்கலத்தில் இருக்கும் அக்கா பொன்னியம்மாளுக்கு, ஆரணியிலிருந்து தம்பி மாணிக்கவேல் கைகூப்பி எழுதுவது. இங்கு நான், கமலம், தறிகள் இரண்டு, எல்லோரும் நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் என் வீட்டின் மேலுள்ள கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். கோபத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

பாட்டு டீச்சராக இருந்தபோது நீங்கள் ஆசையாக வாங்கிய வயலினை என் மகள் தேவிப்ரியாவுக்குக் கொடுத்தீர்கள். அவளோ பெங்களூருக்குப் போய், அதன் வயிற்றில் மைக்கை ஒட்டி, வயரை லேப்டாப்பில் சொருகி, வயலினைக் காக்காய் மாதிரியும் ரயில் மாதிரியும் கத்தவைத்தாள். அதைக் கேட்டுவிட்டு "இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்டா" என்று போனீர்கள். ஆறு வருஷமாகிறது. அன்றைக்கு நானும் உங்கள் கட்சிதான், அக்கா.

அப்புறம் அவள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் நம் தறிச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு போனாள். அதை வைத்துப் பெங்களூரில் கச்சேரி என்றதும் நானும் எதிர்வீட்டுச் சடையப்பனும் பஸ் ஏறினோம். போனால், மங்கலாக நீல வெளிச்சம், நாற்காலியே இல்லை, ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள், சரி என்று நாங்களும் படுத்தோம், என் தறிச் சத்தம் ஏரிக்கு அடியிலிருந்து வருவதுபோல மெதுவாக வந்தது, கூரை காணாமல் போய், மேலே மாம்பழ நிறப் பட்டு நீளமாக ஓட, அதன்மேல் நான் மிதக்க, சத்தியமாகச் சுகமாக இருந்தது. திடீரென்று சத்தம் நின்றது. தறிச் சத்தம் பாதியில் நின்றால் நமக்கு ஒரே அர்த்தம்தானே? துள்ளி எழுந்து, "பாப்பா, இழை அறுந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன். சடையப்பன் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு, "இன்னாங்க படுத்துகினு கீறீங்க, ஜல்தி எழுந்து முனையைத் தேடுங்க!" என்று எல்லோரையும் எழுப்பிவிட்டார். கச்சேரியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். தேவிப்ரியா அதையும் பதிவு செய்து, அடுத்த பாட்டில் "இழை அறுந்துடுச்சு" என்பதை நாற்பது தடவை போட்டாள். ஜெர்மனியில் என் குரலுக்கு விடிய விடிய ஆடினார்களாம்.

இவ்வளவு பேர் வாங்கியவள், போன ஆனி மாதம் பெட்டியோடு வந்து நின்றாள். "இன்னாம்மா ஆச்சு?" என்றேன்.

"எல்லா சத்தத்தையும் வெட்டி வெட்டி ஒட்டிட்டேம்ப்பா. வெட்டாம ஒண்ணே ஒண்ணு இழுக்க முடியுதான்னு பாக்கணும்."

மைக்கைப் பிய்த்து எறிந்துவிட்டாள். இப்போது காலையில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்வரத்தை ஒரு மணி நேரம் இழுக்கிறாள். இதோ அறுந்துவிடும், இதோ அறுந்துவிடும் என்று இழை ஓட்டும் நாடாவை ஓட்டாமல் கையில் பிடித்தபடியே கேட்கிறேன். அறவே இல்லை. நேற்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேற்கொண்டு உங்களிடம்தான் கற்பாளாம், ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாம். "அத்தை வரலன்னா இதையும் மூடி வெச்சிடறேம்ப்பா" என்கிறாள். சொன்னால் செய்கிறவள். விஜயதசமிக்கு அவசியம் வாருங்கள். வயலினில் மைக்கின் பசை ஒட்டிய தடம் மட்டும் போகவில்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் கையால் திருநீறு வாங்கக் காத்திருக்கும்,
தம்பி மாணிக்கவேல்

பி.கு.: பிய்த்த மைக்கை வீணாக்குவானேன் என்று என் தறியில் ஒட்டினேன். சடையப்பன் செல்போனில் பார்த்துப் பார்த்துச் சொல்ல, பன்னிரண்டு நிமிஷம் ஓடும் ஒரு பாட்டு தயாராகிவிட்டது. கமலம்தான் பேஜார் என்கிறாள். விஜயதசமியன்று முதலில் தேவிப்ரியா, பிறகு நான். பாய் விரித்து வைக்கிறேன், படுத்துக்கொண்டே கேளுங்கள், முழங்காலுக்கும் நல்லது. நடுவில் சத்தம் நின்றால் பதற வேண்டாம் அக்கா, இழை அறவில்லை, நான்தான் நிறுத்தியிருப்பேன்.