என் மொழியில் தங்கை சொன்ன சம்மதம்

கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். வேலை கிடைக்காத நாட்களில் மற்றவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். சிதம்பரத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பிய நான், புதிதாக ஒரு மொழி செய்தேன். (யாரும் கேட்கவில்லை. "இருக்கற பாஷைக்கு என்னாடா கொறை?" என்று அப்பா மட்டும் கேட்டார்.)

பெயர்ச்சொற்கள் ஒரு வாரத்தில் முடிந்தன. வினைச்சொல்தான் உயிரை எடுத்தது. நடந்ததா, நடக்கவில்லையா, கண்ணால் பார்த்ததா, யாரோ சொன்னதா, மனசோடு செய்ததா, வேண்டாவெறுப்பாகவா, எல்லாவற்றுக்கும் தனித்தனி விகுதி. மொத்தம் நாற்பத்தெட்டு. அத்தனையையும் மனப்பாடம் செய்த ஒரே ஜீவன் என் தங்கை சுமதி. சொந்தக்காரர்களைப் பற்றி அவர்கள் எதிரிலேயே வம்பு பேச எங்களுக்கு அது வசதியாக இருந்தது.

அவளைப் பெண் பார்க்கப் புவனகிரியிலிருந்து வந்தார்கள். "எல்லார் எதிர்லயும் கேட்டா எனக்குக் கூச்சமா இருக்கும்ணா. நம்ம பாஷையில உங்கிட்ட சொல்றேன், நீ அப்பாகிட்ட சொல்லிடு" என்றாள்.

பையனோடு மாடியில் பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்கி வந்தாள். கேசரி முடிந்து பஜ்ஜி வந்தது. "பொண்ணு என்னா சொல்லுது?" என்றார் பையனின் அப்பா. சுமதி என்னைப் பார்த்துச் சிரித்தபடி ஒரே ஒரு வினைச்சொல் சொன்னாள். சிரிப்பை யார் கவனித்தார்கள்? நான் விகுதியைக் கவனித்தேன். இல்லை என்பதற்கான விகுதி.

"புடிக்கலையாம்ப்பா" என்றேன், சபை நடுவே, கணீரென்று.

மாப்பிள்ளை பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். சுமதி என் முழங்கையைக் கிள்ளினாள். அவர்கள் வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலையில்தான், பல் விளக்கிக்கொண்டே, ஆமாம் என்பதற்கான விகுதியையும் இல்லை என்பதற்கான விகுதியையும் இடம் மாற்றியிருந்தேன். (ஓசை இன்னும் நன்றாக இருந்ததாம்!) அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். என்னை எதால் அடிப்பது?

நான் வாயைத் திறப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுமதி தெருவில் ஓடினாள்.

"எனக்குப் புடிச்சிருக்குங்க! எங்க அண்ணன் ஒரு லூசு!"

தெருவே ஜன்னலைத் திறந்து பார்த்தது. கூச்சப்பட்டவளாம், கூச்சம்! கார் நின்றது. எனக்கு உயிர் வந்தது.

இப்போதும் புவனகிரிக்குப் போனால் மாப்பிள்ளை தானே பரிமாறுவார்.

"கொழம்பு எப்படி இருக்கு மச்சான்?"

"நல்லாருக்கு மாப்ள."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்புவார்.

"சுமதி, உங்க அண்ணன் நல்லாருக்குன்றாரு. காலையில எதுனா மாத்தினாரான்னு கேட்டுக்க."