பதில் பிரிவின் மொழிப்புலமை

மனிதர் பேசுவதன் உட்பொருளை முழுதாக அறிந்தவர்கள் இவ்வுலகில் மனுக்களுக்குப் பதில் எழுதும் பிரிவினர் மட்டுமே. அவர்களுள் தலையாயவர் மூத்த எழுத்தர். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதினெட்டு ஆண்டுகளாக எழுதிவருகிறார். எழுதியதும் மனு அலமாரியின் மேல் ஏறிவிடும். இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

இந்த அறிஞரை, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் பெண் ஒருத்தி காபிக் கடையில் சந்தித்தாள். அக்காவின் ஏற்பாடு. தன் நகைச்சுவைக்கு ஒருத்தி சிரித்து எழுத்தர் பார்த்தது நாற்பத்திரண்டு வயதில் அதுவே முதல் முறை. அவளை அவருக்கு ரொம்பவே பிடித்துப்போனது. கிளம்பும்போது அவள் சொன்னாள்: "வர்ற சனிக்கிழமை எனக்கு லீவு. நாலு மணிக்கு இங்கேயே இருப்பேன். வாங்க."

எவ்வளவு சிக்கலான வாசகம்! மறுநாள் உணவு இடைவேளையில் பிரிவு அவசரமாகக் கூடியது. 'லீவு' என்றால் வேறு வேலை இல்லாத குறைக்கு வருகிறாள் என்று தட்டச்சர் கண்டுபிடித்தார். 'இங்கேயே' என்றால் கோப்பு ஓர் அங்குலமும் நகரவில்லை என்று பொருள் என்றார் கண்காணிப்பாளர்.

"அப்போ, 'வாங்க'ன்னா?" எழுத்தர் கேட்டார்.

"நாமளும்தான் 'நேரில் வரவும்'னு எழுதுறோம். வந்தவங்க யாரையாவது பார்த்திருக்கோமா?" என்றார் கண்காணிப்பாளர்.

எழுத்தருக்குப் போகத்தான் ஆசை. ஆனாலும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. 'தங்கள் அழைப்பு பரிசீலனையில் உள்ளது' என்று அவளுக்குச் செய்தி அனுப்பினார். சனிக்கிழமை நாலு மணிக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை அவள் பிரிவின் ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"ஏழு மணி வரைக்கும் இருந்தேன். வரலைன்னா வரலைன்னு சொல்லியிருக்கலாம்."

"நீங்க எதை மனசுல வெச்சு 'வாங்க'ன்னு சொன்னீங்கன்னு..."

"நீங்க வரணும்னுதான்."

பிரிவு முழுவதும் பேனாவைக் கீழே வைத்தது. இப்படி ஒரு பொருள் இருக்கக்கூடும் என்பது எவர் கவனத்துக்கும் கொண்டுவரப்படவில்லை.

"எங்க தெருவுக்குத் தண்ணிக் குழாய் கேட்டு அப்பா மனு போட்டார். இங்கிருந்து 'பரிசீலனையில் உள்ளது'ன்னு இதே வரிதான் வந்துச்சு. நிஜமாவே பார்க்கிறாங்கன்னு நம்பி, சாகிற வரைக்கும் ஒன்பது வருஷம் காத்திருந்தார். நான் அவர் பொண்ணு. ஏழு மணி வரைக்கும் நம்பினேன்."

அவள் போனதும், உண்மையில் என்ன சொல்ல வந்தாள் என்று ஆராயப் பிரிவு மீண்டும் கூடியது. எழுத்தர் மட்டும் நாற்காலியில் ஏறி அலமாரியின் மேல் துழாவி, தூசிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

'எங்கள் தெருவில் குடிதண்ணீர் இல்லை.'

பதினெட்டு ஆண்டுப் புலமையையும் திரட்டி, திருப்பித் திருப்பிப் படித்தார். உட்பொருள் ஒன்றும் இல்லை.