மன்னியின் பட்டும் கரமனை யட்சியும்

பேய் இல்லை என்று அடித்துச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். கல்லூரியில் படித்தபோது நானும் அந்தக் கட்சிதான். திருவனந்தபுரத்துக்கு மின்சார விளக்கு வந்த புதிது. "பல்பு எரிகிற ஊரில் யட்சிக்கு என்ன வேலை?" என்று கரமனைத் தெருவில் பிரசங்கமே செய்வேன். (சபையில் இருந்தவர்கள் கிட்டுவும் அச்சுதனும். இருவரும் என் நண்பர்கள், வேறு வழியில்லை.)

எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் ஒரு துரை. அக்டோபர் கடைசி நாளில் அவர்கள் தேசத்தில் பேய் வேஷம் போட்டுக்கொண்டு விருந்து சாப்பிடுவார்களாம். "உங்கள் ஊர்ப் பேய்களாக வாருங்கள்" என்று பங்களாவுக்கு அழைத்தார். கிட்டு உடம்பெல்லாம் கரி பூசிக் குட்டிச்சாத்தான் ஆனான். அச்சுதன் பிரம்மராட்சசன். மீசை முளைக்க மறுத்த ஒரே காரணத்தால் நான் யட்சி. வெள்ளைப் புடவை கிடைக்காததால் மன்னியின், அதாவது அண்ணா மனைவியின், கல்யாணப் பட்டை அவளுக்குத் தெரியாமல் எடுத்துச் சுற்றிக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரம். போகிற வழியில் ஆற்றங்கரைப் பாலைமரத்தடியில் ஒத்திகை பார்த்தேன். யட்சி பாலைமரத்தில்தான் குடியிருப்பாள், வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்டு மயக்குவாள் என்பார்கள்.

"கொஞ்சம் சுண்ணாம்பு தருமோ?" என்று குழைந்தேன்.

"அது நான் கேக்க வேண்டியதாக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

திரும்பினேன். வெள்ளை முண்டு, அவிழ்ந்த கூந்தல். பாதம் தரையில் படவில்லை. பிரம்மராட்சசன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். குட்டிச்சாத்தான் "அம்மே!" என்று அழுததில் முகத்துக் கரி பாதி கரைந்தது.

"இது எண்டெ மரம். நீ எங்கேருந்து வந்தது?"

"க... கரமனை."

"யட்சி பட்டு உடுக்குமோ? கொசுவத்தைப் பாரு, நாணக்கேடு!"

தலையில் அடித்துக்கொண்டு புடவையைப் பற்றினாள். ஓர் இழுப்பு, நாலு மடிப்பு. கச்சிதமாகக் கட்டிவிட்டு, பாலைப்பூ வாசனையாகி மறைந்தே போனாள்.

நாங்கள் பங்களாவில் போய்த்தான் நின்றோம். துரைசானி எனக்கே முதல் பரிசு கொடுத்தாள். (என் நடுக்கத்தை நடிப்பு என்று நினைத்துவிட்டாள்.)

வீட்டுக்கு வந்த பிறகுதான் விபரீதம் புரிந்தது. புடவை அவிழவில்லை. அண்ணா இழுத்தார், அப்பா இழுத்தார். ஒரு மடிப்புக்கூட அசையவில்லை. மறுநாள் பட்டுடுத்திய பாவையாக அறைக்குள் கிடந்தேன். ஜன்னலில் தெருவே நின்றது. அப்பா வித்துராவிலிருந்து மந்திரவாதியை வரவழைக்கக் கிளம்பினார். மன்னி குறுக்கே நின்றாள்.

"அவன் கத்தியை எடுத்தா என் பட்டு என்னாறது? நானே போய்க் கேக்கறேன்."

சாயங்காலம் சுண்ணாம்பு டப்பியோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கிட்டுவும் அச்சுதனும் கைகோத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். எனக்குத் துணையாம்.

"ஏண்டியம்மா," என்றாள் மன்னி மரத்தைப் பார்த்து. "கட்டிவிட்டது ரொம்ப லட்சணம், கேட்டியா. ஆனா இது என் கல்யாணப் புடவையாக்கும். இதை இவன் கட்டிண்டு திரிஞ்சா, நாள் கிழமைக்கு நான் என்னத்தைக் கட்டிக்கறது?"

கிளைகள் சலசலத்தன. "அது நியாயம்" என்றது குரல். டப்பியில் சுண்ணாம்பு காணாமல் போயிற்று. அதே கணம் புடவை பொத்தென்று காலடியில் விழுந்தது. கோவணத்தோடு நின்றேன். முதலில் மரம் சிரித்தது, பிறகு மன்னி. நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்ததைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

சில வருஷம் கழித்து என் கல்யாணம். பெண்கள் பந்தியில் மன்னி ஓர் இலையை ஆளில்லாமல் போட்டுப் பரிமாறச் சொன்னாள். யாரும் வந்து உட்காரவில்லை. பந்தி எழுந்தபோது இலை துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"யாருக்கு மன்னி?" என்றேன் மெதுவாக.

"தெரிஞ்சவாளைக் கூப்பிடாம இருந்தா நன்னாயிருக்குமோ?"

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், என் மனைவி நிதானமாக அடுக்களைப் பக்கம் திரும்பி, "மன்னி, இன்னிக்கு ஓர் இலை ஜாஸ்தி போடட்டுமா?" என்பாள்.

நான் உட்கார்ந்துவிடுவேன்.