அம்மாவுக்காக வைத்த கணப்பு

துய்ன்செட், நார்வே
டிசம்பர் 22

மதிப்பிற்குரிய அண்ணன் ஸிகுர்ட் அவர்களுக்கு,

தம்பி ஒட்வார் எழுதுவது. இங்கு நானும் ரான்ஹில்டும் நலம். அங்கு நீங்களும் அண்ணியும் நலமாகத்தான் இருப்பீர்கள். அப்பாவின் வீடும் அதிலுள்ள விறகுக் கணப்பும் உங்கள் பங்குக்குப் போன பிறகு நலத்துக்கு என்ன குறை?

அப்பா போனபின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா உங்கள் வீட்டுக்கே போகிறார். ஒருமுறை என் வரவேற்பறையில் நின்று, "நெருப்பு இல்லாதது ஒரு வீடாடா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். நான் மறக்கவில்லை. என் வீடு மின்சாரம் மலிவாகக் கிடைத்த காலத்தில் கட்டியது, புகைபோக்கியே கிடையாது. இந்த ஆண்டு அதற்கொரு முடிவு கட்டினேன். இரும்புக் கணப்பு ஒன்றை வாங்கி மூலையில் நிறுத்திவிட்டு, கிறிஸ்துமஸுக்கு இங்கே வாருங்கள் என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சரி என்றார். அதன் பிறகுதான் புகை எந்த வழியாகப் போகும் என்று யோசித்தேன்.

புகைக்குழாய்க்குக் கூரையில் ஓட்டை போடப் பக்கத்து வீட்டு அர்வித்தும் அவன் மச்சான் தூரேயும் வந்தார்கள். நம்மூரில் காப்பியும் வாஃபிளும் இருந்தால் யாரையும் கூரையேற்றிவிடலாம். ஓட்டை நன்றாகவே விழுந்தது. அந்த உயரத்திலிருந்து தூரே என் விறகு அடுக்கைப் பார்த்ததுதான் வினை.

"மரப்பட்டையைக் கீழ வச்சு அடுக்கியிருக்கியே, எவன் சொல்லிக் குடுத்தான்?"

"பட்டை கீழ இருந்தாத்தான் காயும்" என்றான் அர்வித்.

"மழை பேஞ்சா? உங்கப்பன் வந்து குடை பிடிப்பானா?"

"எங்கப்பனை இழுக்காத. உன் வீட்டு ஈர விறகுப் புகை எல்லை தாண்டிப் போய் ஸ்வீடன்காரன் கண்ணைக் கரிக்குதாம்."

நானாவது சும்மா இருந்திருக்கலாம். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். ஆவியாதல், காற்றோட்டம் என்று ஆரம்பித்துவிட்டேன். மூவரும் கீழே இறங்கி, நிரூபிப்பதற்காக அடுக்கைப் பிரித்து, பாதியைப் பட்டை மேலாகவும் பாதியைக் கீழாகவும் மாற்றி அடுக்கினோம். அதற்குள் இருட்டிவிட்டது. பனி வேறு பிடித்துக்கொண்டது. ரான்ஹில்ட் வாசலில் வந்து நின்று, "விறகு நனையாம பாத்துக்குங்க. சோபா நனைஞ்சா என்ன, பனிச்சறுக்குக்கு ஆகும்" என்றாள். ஓட்டையை யாருமே மூடவில்லை.

ஒருவழியாகக் குழாயைப் பொருத்தினோம். இன்று காலை நகராட்சியிலிருந்து புகைபோக்கிச் சோதனைக்கு ஓர் அம்மாள் வந்தார். ஏணியில் ஏறி, கூரையடியில் குழாயையும் உத்தரத்தையும் மாறிமாறித் தடவிப் பார்த்தார்.

"இவ்வளவு பக்கத்துல மரமா? இதுல நெருப்பு வச்சீங்கன்னா மொத்த வீடும் கணப்புதான். மாத்திட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் ஒரு குச்சிகூடக் கொளுத்தக் கூடாது."

வாசலில் நின்று திரும்பினார். "ஆமா, அந்த விறகுல பாதிக்குப் பட்டையை மேல வச்சு அடுக்கினது யாருங்க?"

மதியமே அம்மா வந்துவிட்டார். ரான்ஹில்ட் யோசிக்கவேயில்லை. கணப்பின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலைந்து மெழுகுவர்த்தி, விறகுக் கூடைக்குப் பின்னால் மின்சார ஹீட்டர். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கால் நீட்டிப் பின்னலை எடுத்தார். "இதுதான்டா சூடு. கரண்டு சூடு எலும்புக்குள்ள போகாது" என்றார். ரான்ஹில்ட் சமையலறைக்குள் போய்ச் சிரிப்பை அடக்கத் துண்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆகவே அண்ணா, இந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்கள் கணப்பின் முன்னால் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதில் நீங்களே உட்கார்ந்துகொண்டு, அன்று ஏன் சிரித்தோம் என்று யோசிக்கலாம்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. வாசலில் உறைபனி; பார்த்து நடக்கவும். வழுக்கி விழுந்தால் தவறாமல் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
ஒட்வார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், அம்மா கூப்பிட்டார். "மெழுகுவத்தியை அணைடா, வீணாப் போகுது. ஹீட்டரை மட்டும் ஒரு புள்ளி ஏத்து." எப்படித் தெரியும் என்றேன். "ஸிகுர்ட் வீட்டுப் புகைபோக்கியில வெடிப்பு விழுந்து மூணு வருசமாச்சு. அவனும் இந்தக் கூத்தைத்தான் பண்றான்." அப்புறம் ஏன் வருடா வருடம் அங்கே போனீர்கள் என்று கேட்டேன். "அவன் கூப்பிட்டான், போனேன். நீ இந்த வருசந்தான் கூப்பிட்ட" என்று சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தார். எங்கள் ஹீட்டர் உறுமுகிறது. உங்களுடையது சத்தமே போடாதாமே, எங்கே வாங்கினீர்கள்?